பதினோராயிரத்தில் ஓர் எழுத்து

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரீயூனியன் தீவில் ஒரே வாரத்தில் 45,000-க்கும் மேற்பட்டோர் சிக்குன்குனியாவில் படுத்தார்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் எரிமலை எழுப்பிய தீவு அது. பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீமிதிக்கிறார்கள். தீவின் மக்கள்தொகை அப்போது எட்டு லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. கொள்ளைநோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 2,66,000 பேருக்கு நோய் வந்து போயிருந்தது. மூன்றில் ஒருவருக்கு என்று சொல்லலாம். விரல் கணுவும் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, பலருக்கு மாதக்கணக்கில் வலி விடவில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றும் என்பதை மருத்துவர்கள் முதன்முதலில் தெளிவாகக் கண்டதும் அங்கேதான்.

எண்ணிக்கையைவிட விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது கொசு. சிக்குன்குனியா என்றால் ஏடிஸ் ஈஜிப்டி என்பதே அதுவரையான அனுபவம். 1964-இல் சென்னையை முடக்கிய சிக்குன்குனியாவைப் பரப்பியதும் அந்தக் கொசுதான். ரீயூனியனிலோ ஈஜிப்டி அருகிப்போயிருந்தது. மலேரியாவை ஒழிக்க 1950-களையொட்டி அடித்த டி.டி.டி. அதைச் சில பள்ளத்தாக்குகளுக்குள் ஒடுக்கிவிட்டது. வீட்டுத் தோட்டங்களில் பெருகிக் கிடந்தது அதன் உறவுக்காரக் கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ். புலிக்கொசு என்று உலகம் அழைப்பது இதைத்தான். சிக்குன்குனியா வைரஸ் அதையும் தொற்றும் என்று ஆய்வகங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தீவையே சாய்க்கும் அளவுக்கு அது நோய் பரப்பும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. வரிசையில் இரண்டாம் இடத்தில் வைத்திருந்த கொசு அது.

புலிக்கொசு நம் பக்கத்துக் கொசு. 1894-இல் ஸ்கியூஸ் என்ற பூச்சியியலாளர் அதை விவரித்து இனப்பெயர் சூட்டியது கல்கத்தாவில் பிடித்த மாதிரிகளை வைத்துத்தான். உடல் கறுப்பு, கால்களில் வெள்ளை வளையங்கள். முதுகின் நடுவே நேராக ஒரு வெண்கோடு ஓடும். ஈஜிப்டியின் முதுகிலோ யாழ் வடிவில் வளைந்த கோடுகள் இருக்கும். தெற்காசிய, தென்கிழக்காசியக் காட்டோரங்களில் மரப்பொந்தில் தேங்கிய நீர், வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை ஆகியவையே இதன் பழைய பிறப்பிடம். பறந்து போகும் தூரம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு மீட்டர்தான். அப்படிப்பட்ட பூச்சி, அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இன்று குடியேறியிருக்கிறது.

அதன் முட்டைதான் அதற்கு வழி செய்தது. பெண் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நீர் வந்து நனைத்தால் பொரியும். ஜப்பான் போன்ற குளிர்நாடுகளில் வாழும் புலிக்கொசுக்களுக்கு இன்னொரு திறனும் உண்டு. இலையுதிர்காலத்தில் பகல் குறுகுவதைத் தாய்க்கொசு உணர்கிறது. அப்போது அது இடும் முட்டைகளுக்குள் கரு வளர்ந்து முடித்தும் பொரியாமல் பனிக்காலம் முழுதும் உறங்கும். இந்த முட்டைக்கு ரப்பர் டயரின் உட்புறத்தைப் போல வாகான இடம் வேறில்லை. இருட்டு, மழைநீர், அதில் ஊறும் சருகு, எந்தப் பக்கம் புரட்டினாலும் முழுதாக வடியாத வளைவு எல்லாம் அதில் உண்டு.

பழைய டயர் உலகச் சந்தையில் ஒரு சரக்கு. மேல்ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவதற்காகக் கப்பல் கப்பலாகப் போகிறது. 1979-இல் அல்பேனியாவில் புலிக்கொசு தென்பட்டது. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அது நிலைகொண்டுவிட்டதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து, குறிப்பாக ஜப்பானிலிருந்து, இறக்குமதியான பழைய டயர்களோடு வந்திருந்தது. 1990-இல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகம். அதையடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் அட்லான்டாவிலிருந்து வந்த டயர்களோடு வடகிழக்கு இத்தாலிக்கும் போனது. 2001-இல் தென்சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன அலங்கார மூங்கில் கன்றுகள், வழியில் வாடாமலிருக்கத் தண்ணீரில் நிறுத்தியபடியே அனுப்பப்பட்டன. அந்தத் தண்ணீரிலும் கொசு பயணம் செய்தது.

கொசு போய்ச் சேர்ந்தது மட்டும் கொள்ளைநோய் ஆகிவிடாது. நோயாளியின் ரத்தத்தை உறிஞ்சி அடுத்தவர் உடம்பில் செலுத்தும் ஊசி என்றே கொசுவைப் பற்றி நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. ஊசியாக இருந்தால் எச்.ஐ.வி.யும் கொசுவால் பரவியிருக்க வேண்டும். பரவுவதில்லை, ஏனென்றால் கொசுவின் குடலில் அந்த வைரஸ் செரித்துப் போகிறது. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா வைரஸ்கள் கொசுவுக்குள் தொற்றிப் பெருகுகின்றன. கொசுவும் ஒரு நோயாளியே, பார்வைக்குப் பெரிதாக எதுவும் தெரியாத, ஆயுள் முழுதும் தொற்று நீங்காத நோயாளி.

அந்தத் தொற்றுக்கு மூன்று தடைகள். உறிஞ்சிய ரத்தம் போய்த் தங்குவது நடுக்குடலில். அதன் சுவர் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. ரத்தம் செரிப்பதற்குள் வைரஸ் அந்த உயிரணுக்களில் நுழைந்தாக வேண்டும். பொருந்தாத வைரஸ் என்றால் அங்கேயே கதை முடிந்தது. நுழைந்து பெருகிய வைரஸ் அடுத்ததாக நடுக்குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைக் கடந்து உடற்குழிக்குள் வர வேண்டும். பிறகு அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பியைத் தொற்றி, உமிழ்நீரில் கலக்க வேண்டும். இடையே கொசுவின் உயிரணுக்கள் சும்மா இருப்பதில்லை. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளை வைத்தே மீதி வைரஸைத் தேடி அழிக்கும் ஏற்பாடு அவற்றிடம் உண்டு. மூன்று தடைகளையும் இந்த வேட்டையையும் தாண்டிய வைரஸ் மட்டுமே அடுத்த மனிதரை அடையும்.

இதை ஆய்வகத்தில் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வைரஸ் கலந்த ரத்தத்தைக் கொசுவுக்கு ஊட்டிச் சில நாள் காத்திருப்பார்கள். பின்னர் இறக்கையையும் கால்களையும் நீக்கி, அதன் உறிஞ்சுகுழலை நுண்ணிய குழாய் ஒன்றில் நுழைத்து உமிழ்நீர் சுரக்க வைப்பார்கள். அந்தத் துளியில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொசு நோய் பரப்பும் திறன் பற்றிய கேள்வி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிக்கு வந்து நிற்கிறது.

குடலிலிருந்து உமிழ்நீருக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் கொசுவின் ஆயுள் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூற்றில் 15 கொசு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் உமிழ்நீருக்கு வர 14 நாள் எடுத்தால், தொற்றிய நூறு கொசுக்களில் பத்துதான் அதுவரை உயிரோடிருக்கும். ஏழு நாள் என்றால் 32. இரண்டே நாள் என்றால் 72. டெங்கு வைரஸுக்கு 25 டிகிரி வெப்பத்தில் சராசரியாக இரண்டு வாரம் ஆகிறது. 30 டிகிரியில் ஒரு வாரம்கூட ஆவதில்லை. ஐந்து டிகிரி வெப்பம் கூடியதால் கடிக்கக் காத்திருக்கும் கொசுக்கள் மும்மடங்குக்கும் மேலாகின்றன.

மறுபடி ரீயூனியனுக்கு வருவோம். வைரஸ் 2005 தொடக்கத்தில் கொமோரோஸ் தீவுகளிலிருந்து வந்தது. சில ஆயிரம் பேரைத் தொற்றிவிட்டு, தெற்கு அரைக்கோளத்தின் குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை தணிந்தது, ஆனால் அணையவில்லை. டிசம்பரில் வெடித்தது. நோயாளிகளிடம் எடுத்த வைரஸ்களின் மரபணுத் தொடரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் படித்தபோது, முதல் மாதங்களின் வைரஸுக்கும் பிந்தைய மாதங்களின் வைரஸுக்கும் இடையே ஒரு வேறுபாடு துலங்கியது. சிக்குன்குனியாவின் மரபணுத் தொடரில் பதினோராயிரத்துச் சொச்சம் எழுத்துகள் உண்டு. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் விளைவாக, வைரஸின் மேலுறையில் இருக்கும் ஈ1 என்ற புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வந்திருந்தது. வைரஸின் உறையை உயிரணுவின் சவ்வோடு இணைத்து உள்ளே நுழைய உதவும் புரதம் அது. கொள்ளைநோய் உச்சத்துக்குப் போகும் காலத்தில் எடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வாலின்தான்.

அந்த ஓர் எழுத்துதான் காரணமா, அல்லது அது தற்செயலா? பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அன்னா-பெல்லா ஃபய்யூவின் குழு இரு வகை வைரஸ்களையும் புலிக்கொசுக்களுக்கு ஊட்டிப் பார்த்தது. அமெரிக்காவின் கால்வெஸ்டனில் ஸ்டீபன் ஹிக்ஸின் குழு வைரஸைச் செயற்கையாகக் கட்டி, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்து, 226-ஐ மட்டும் மாற்றி ஒப்பிட்டது. 2007-இல் இரு குழுக்களின் முடிவுகளும் வந்தன. இரண்டும் ஒன்றையே கூறின. வாலின் கொண்ட வைரஸ் புலிக்கொசுவின் நடுக்குடலைத் தொற்றப் பன்மடங்கு குறைந்த அளவே போதும். உடலெங்கும் வேகமாகப் பரவும். ஈஜிப்டிக்குள் அந்த மாற்றத்தால் அப்படி ஓர் ஆதாயம் இல்லை. இந்த வைரஸை உறிஞ்சிய புலிக்கொசுவின் உமிழ்நீர் இரண்டாம் நாளிலேயே தொற்றுத்தன்மை பெறுகிறது என்று பின்னர் பாஸ்டர் குழு காட்டியது. மேலே போட்ட கணக்கில் 72 என்ற எண் அதற்காகவே.

இதில் வைரஸின் தந்திரம் என்று எதுவும் இல்லை. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தம்மைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நோயாளியின் ரத்தத்தில் கோடிக்கணக்கான வைரஸ்களுக்கிடையே வாலின் கொண்ட ஒன்று இதற்கு முன்பும் எத்தனையோ முறை தோன்றியிருக்கும். ஈஜிப்டி பரப்பும் ஊரில் அதற்குத் தனிச் சலுகை இல்லாததால் கூட்டத்தில் கரைந்திருக்கும். புலிக்கொசுவே மலிந்திருந்த தீவில், ஒவ்வொரு கொசுவின் நடுக்குடலும் அலனினை நிறுத்தி வாலினை அனுமதிக்கும் சல்லடையாக வேலை செய்தது. வைரஸைத் தேர்ந்தெடுத்தது கொசு. வந்தேறிக் கொசு நோய் பரப்பும் திறனைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத பகுதி இது. அந்தத் திறன் கொசுவோடு பிறந்து வந்த சொத்து அல்ல. கொசு குடியேறிய இடத்தில் வைரஸோடு சேர்ந்து உருவாகக்கூடியது.

ரீயூனியன் ஒரு விதிவிலக்கா என்று கேட்பவர்களுக்குக் கேரளம் பதில் சொன்னது. 2006-இல் இந்தியாவில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா இருக்கலாம் என்று பதிவானது. ஈஜிப்டி மலிந்த நகரங்களில் பரவிய அந்த வைரஸில் 226-ஆம் இடத்தில் அலனினே இருந்தது. கேரளத்தின் ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு. பால் வடியக் கட்டிய சிரட்டைகளிலும் பிளாஸ்டிக் கிண்ணங்களிலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். மரத்துக்கு ஒன்று வீதம் ஒரு தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கில். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிய காட்சிதான். அங்கே பெருகுவது புலிக்கொசு. 2007-இல் கேரள நோயாளிகளிடம் எடுத்த வைரஸில் 226-ஆம் இடத்தில் வாலின் வந்திருந்தது. ரீயூனியனிலிருந்து வந்ததல்ல, தனியாக, அதே இடத்தில், அதே மாற்றம். மத்திய ஆப்பிரிக்காவிலும், காபோன் பக்கத்தில், புலிக்கொசு குடியேறிய பிறகு அதே மாற்றம் தனியே நிகழ்ந்தது. பிறகு 2009-இல் கேரளத்து வைரஸில் ஈ2 என்ற இன்னொரு புரதத்தில் மேலும் ஒரு மாற்றம் வந்தது. அது புலிக்கொசுவுக்குள் பரவும் திறனை முன்னைவிட நான்கைந்து மடங்கு கூட்டியது.

கேரளத்திலிருந்து 2007 ஜூனில் ஒருவர் இத்தாலிக்கு உறவினரைப் பார்க்கப் போனார். அவர் போனது அட்ரியாட்டிக் கடலோரம், ஓர் ஆற்றின் இருகரைகளில் இருக்கும் காஸ்டிலியோனே டி செர்வியா, காஸ்டிலியோனே டி ரவென்னா என்ற இரட்டைக் கிராமங்களில் ஒன்றுக்கு. அங்கே அவருக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கும் பதினேழு ஆண்டு முன்பே பழைய டயரில் இத்தாலிக்கு வந்திருந்த புலிக்கொசு அவரைக் கடித்தது. அந்தக் கோடையில் இரண்டு கிராமங்களிலும் சுற்றுப்புறத்திலும் 205 பேருக்கு நோய். வைரஸில் வாலின் இருந்தது. ஐரோப்பாவில் சிக்குன்குனியா உள்ளூரிலேயே பரவியது அதுவே முதல் முறை. ஆப்பிரிக்காவில் தோன்றிய வைரஸ் ஒன்றும் ஆசியக் கொசு ஒன்றும் இத்தாலியக் கிராமத்துப் பூந்தொட்டியருகே சந்திக்க, இரண்டையும் அழைத்து வந்தது மனிதரின் போக்குவரத்து.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழ வேண்டும். சிக்குன்குனியா ஆசியாவுக்கு வந்தது 2005-இல் அல்ல. 1950-களிலிருந்தே தாய்லாந்திலும், பிறகு கல்கத்தாவிலும் சென்னையிலும் அது பரவியிருக்கிறது. புலிக்கொசுவின் தாய்மண்ணிலேயே அரை நூற்றாண்டு இருந்த வைரஸ் ஏன் அந்த ஒற்றை எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை? இதற்கு விடை கண்டவர்கள் கால்வெஸ்டன் ஆய்வாளர்களான சேட்சார்கினும் ஸ்காட் வீவரும். ஆசியாவில் பழைய காலத்தில் பரவிய கிளையில், அதே ஈ1 புரதத்தின் 98-ஆம் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை 226-இல் வாலின் வந்தாலும் புலிக்கொசுவுக்குள் பயன் ஏதும் இல்லை. என்றோ தற்செயலாக நேர்ந்த, யாருக்கும் பாதகமாகத் தெரியாத ஒரு சிறு மாற்றம், அந்தக் கிளையின் வழியை அடைத்துவிட்டது. அரை நூற்றாண்டாக ஆசியாவைக் காத்துவந்தது அந்த ஓர் அமினோ அமிலம். இந்த விடையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பும் நடுக்கமும் இன்னும் அடங்கவில்லை.

2013 இறுதியில் கரீபியன் தீவான செயின்ட் மார்ட்டினில் இறங்கி, ஓராண்டில் அமெரிக்கக் கண்டங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் தொற்றியது அந்தப் பழைய ஆசியக் கிளைதான். ஈஜிப்டி அங்கே போதுமான அளவு இருந்ததால் அதற்குப் புலிக்கொசு தேவைப்படவில்லை.

ஆனால் 226-ஐ மட்டும் நம்பி ஆறுதல் அடையவும் முடியாது. 2017-இல் ரோம் நகரைச் சுற்றியும் தெற்கே கலாப்ரியாவிலும் நானூறு பேருக்கு மேல் தொற்றிய வைரஸில் வாலின் இல்லை. அலனினோடே புலிக்கொசு அதைப் பரப்பியது. கொசு எந்த ஊர்க் கூட்டத்தைச் சேர்ந்தது, வைரஸ் எந்தக் கிளை, வெப்பம் எத்தனை டிகிரி என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன என்று பாஸ்டர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு நகரத்துப் புலிக்கொசுவுக்கு 28 டிகிரியில் கிடைத்த விடை, இன்னொரு நகரத்துக் கொசுவுக்கு 20 டிகிரியில் பொருந்தாது. ஆய்வகச் சோதனைகளுக்கும் ஒரு குறை இருந்தது. கொசுவுக்கு ஒரே ஒருமுறை ரத்தம் ஊட்டிவிட்டுப் பிறகு சர்க்கரைத் தண்ணீரில் வைத்திருப்பது வழக்கம். இயற்கையில் பெண் கொசு சில நாளுக்கொரு முறை கடிக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆய்வாளர்கள், வைரஸ் இல்லாத ரத்தத்தை இரண்டாம் முறை ஊட்டினார்கள். வயிறு மறுபடி உப்பும்போது நடுக்குடலைச் சுற்றிய சவ்வில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. அவற்றின் வழியே வைரஸ் சீக்கிரமே வெளியேறுகிறது. புலிக்கொசுவைத் திறன் குறைந்தது என்று எடைபோட்ட பழைய சோதனைகள் பல, பசித்த கொசுவை அரைகுறையாகவே பார்த்திருக்கின்றன.

டெங்குவிலும் புலிக்கொசுவை இப்படிக் குறைத்து எடைபோட முடியாது. மனிதரையே நாடும் ஈஜிப்டி அளவுக்குப் புலிக்கொசு டெங்குவைப் பெருக்குவதில்லை. அது நாய், பூனை, பறவை என்று கிடைத்ததையும் கடிக்கிறது. ஆயினும் 2001-இல் ஹவாயில் டெங்குவைப் பரப்பியது அதுதான். 2010-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் உள்ளூர் டெங்குவும், 2019-இல் அதே கடற்கரையின் ஈயேர் நகரில் உள்ளூர் ஜிகாவும் அதனால் வந்தன.

2024 ஆகஸ்டில் ரீயூனியனுக்குச் சிக்குன்குனியா திரும்பி வந்தது. முந்தைய கொள்ளைநோய்க்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறைக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. 2025-இல் உறுதியான நோயாளிகள் மட்டும் 50,000-ஐத் தாண்டினார்கள். இந்த வைரஸிலும் 226-இல் வாலின். தீவிலிருந்து விமானமேறியவர்களோடு அது பிரான்ஸுக்குப் போனது. அந்தக் கோடையில் பிரான்ஸ் நாட்டுக்குள்ளேயே தொற்றியவர்கள் எழுநூறு பேருக்கு மேல். வடகிழக்கே ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸிலும் நோய் பதிவானது. முன்பெல்லாம் அந்தத் தொலைவுக்குக் கொசுவும் வந்ததில்லை, வெப்பமும் அந்த அளவுக்கு ஏறியதில்லை.

பிரான்ஸில் சுகாதாரத் துறையினர் செய்வது எளிமையானது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வந்த ஒருவரின் ரத்தத்தில் வைரஸ் உறுதியானதும், அவர் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 150 மீட்டருக்குள் வீடு வீடாகப் போகிறார்கள். தட்டு, வாளி, டயர், கூரை நீர்க்குழாய் எதில் தண்ணீர் நின்றாலும் கவிழ்க்கிறார்கள். தேவையென்றால் விடியலுக்கு முன் மருந்து அடிக்கிறார்கள். கடல் கடந்த புலிக்கொசு சொந்தச் சிறகால் போகும் தூரம் அவ்வளவுதான் என்பதால் 150 மீட்டர். உமிழ்நீருக்கு வைரஸ் இரண்டு மூன்று நாளில் வந்துவிடக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தாமதிக்காமல் கிளம்புகிறார்கள்.